காவலும் நம்பிக்கையும்: மாணவர் பாதுகாப்புப் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஒரு சமுதாயம் மாறும்பொழுது அதன் கல்வியும் மாறுகின்றது என்பது எவரும் மறுக்காத உண்மை. கற்பிக்கும் பாடங்கள் மாறுகின்றன. கற்பிக்கும் கருவிகள் மாறுகின்றன. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலுள்ள உறவும் மாறுகின்றது. இவற்றோடு சேர்ந்து மாறுவதும், ஆயினும் நாம் அதிகம் சிந்தியாததுமான ஒன்று உண்டு. அதுவே மாணவரின் பாதுகாப்பு. தம்மிடம் கற்க வந்த பிள்ளைக்குத் தீங்கு நேராமற் காப்பது ஆசிரியரின் கடமை என்பதில் எக்காலத்திலும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. ஆனால், எத்தீங்கிலிருந்து காப்பது, எம்முறையாற் காப்பது, காப்பதன் பெயரால் அப்பிள்ளையின் வாழ்வில் எவ்வளவு தூரம் தலையிடலாம் என்னும் வினாக்களுக்கு ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக விடை தேடவேண்டியுள்ளது. கைத்தொலைபேசியும் இணையமும் கல்வியின் கருவிகளாகிவிட்ட இன்றைய நிலையில், இவ்வினாக்களை வன்னிப் பெருநிலப்பரப்பின் அனுபவத்தை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வன்னியைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. பாதுகாப்பு என்னும் சொல்லை எல்லா ஊரவரும் ஒரே பொருளிற் கேட்பதில்லை. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியா வடக்கிலோ போர்க்காலத்திற் பள்ளிப் பருவத்தைக் கழித்த ஒருவருக்கு அச்சொல் பாடசாலை வளவில் வெட்டப்பட்டிருந்த பதுங்குகுழியை நினைவூட்டும். தென்னங்குற்றிகளும் மண்மூடைகளும் அடுக்கிய அக்குழிகள் வகுப்பறையைப் போலவே பாடசாலையின் ஓர் உறுப்பாக இருந்தன. விமானத்தின் இரைச்சல் கேட்டவுடன் கொப்பியைப் போட்டுவிட்டு ஓடுவதற்கு முதலாம் வகுப்புப் பிள்ளையும் பழகியிருந்தது. மின்சாரமில்லாத அக்காலத்திலே, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு நிலவியபொழுது, ஜாம் போத்தலில் திரியிட்டு எரித்த விளக்கின் ஒளியிற் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தோர் பலர். அவர்களுட் சிலர் இன்று விரிவுரையாளராக நம்மிடையே உள்ளனர்.

ஆயினும், பதுங்குகுழி எல்லாரையும் காக்கவில்லை. 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் திகதி முல்லைத்தீவு மாவட்டத்து வள்ளிபுனத்தில் வதிவிடப் பயிற்சியொன்றுக்காகக் கூடியிருந்த மாணவியர்மீது விமானங்கள் குண்டு வீசியதில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதனைப் போராளிகளின் பயிற்சி முகாம் என்று அரசாங்கம் கூறியது. அங்கிருந்தவர்கள் பாடசாலை மாணவியரே என்று யுனிசெப் நிறுவனம் தெரிவித்தது. 2009ஆம் ஆண்டு சனவரியிலும் பெப்ரவரியிலும் 'பாதுகாப்பு வலயம்' என்று அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்குள்ளேயே எறிகணைகள் வீழ்ந்தன. உடையார்கட்டிலும் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பாடசாலைக் கட்டடங்கள் தற்காலிக மருத்துவமனைகளாயின. அதே வேளையில், அப்பகுதியிலிருந்து மக்கள் வெளியேறுவதை விடுதலைப் புலிகள் தடுத்தனர் என்பதையும், பள்ளி செல்லும் வயதினர் உட்படப் பலரை அவர்கள் கட்டாயமாகப் படையிற் சேர்த்தனர் என்பதையும் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்துள்ளது. பிள்ளைகளைக் காப்பதாகக் கூறிய இரு தரப்பினரிடமிருந்தும் பிள்ளைகளைக் காக்கவேண்டிய நிலை பெற்றோருக்கு ஏற்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து நமது ஆராய்ச்சிக்கு வேண்டிய இரண்டு உண்மைகளைப் பெறலாம். முதலாவது, பாதுகாப்பை அறிவிப்பவரும் பாதுகாப்பை வேண்டி நிற்பவரும் வெவ்வேறானவர் என்பது. ஓரிடம் பாதுகாப்பானது என்று வரைபடத்தில் எழுதிவிடுவதால் அவ்விடம் பாதுகாப்பானதாகிவிடாது. இரண்டாவது உண்மை இதனினும் நுண்ணியது. வானிலிருந்து வந்த ஆபத்து எல்லார்க்கும் பொதுவானதாக இருந்தது. அதன் ஒலியை ஆசிரியரும் கேட்டார், மாணவரும் கேட்டனர், இருவரும் ஒரே குழிக்குள் இறங்கினர். குழியிலிருந்து ஏறி வந்த பிள்ளையைப் பார்த்து, 'விமானம் வரும்படியாக நீ என்ன செய்தாய்?' என்று எவரும் கேட்டதில்லை. இன்றைய ஆபத்துக்கும் அன்றைய ஆபத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை இவ்விடத்திலேயே காணவேண்டும் என்பது என் கருத்து. அதற்கு முன், தொடர்புச் சாதனங்கள் வன்னிக்கு வந்த விதத்தைச் சிறிது நோக்குவோம்.

ஏனைய ஊர்களிலே தந்தி, நிலையான தொலைபேசி, கைத்தொலைபேசி, இணையம் என்று படிப்படியாகத் தொடர்புச் சாதனங்கள் பரவின. ஒவ்வொன்றையும் பயன்படுத்தும் ஒழுங்கையும் அதிலுள்ள இடரையும் அறிந்துகொள்ள அங்குள்ளோர்க்குக் காலம் கிடைத்தது. வன்னியின் கிராமங்களுக்கு அக்காலம் கிடைக்கவில்லை. கடிதத்துக்காகக் காத்திருந்த மக்கள், போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் கையடக்கத் திரையில் உலகத்தையே காணும் நிலைக்கு வந்தனர். செட்டிகுளத்து மெனிக்பாம் முகாம் 2012 செப்ரெம்பரிலேதான் மூடப்பட்டது. அம்முகாமிலே பிள்ளைப் பருவத்தின் ஒரு பகுதியைக் கழித்தவர்கள் இளைஞரானபொழுது அவர்கள் கையில் திறன்பேசி இருந்தது. வெளிநாட்டிலுள்ள உறவினரோடு முகம் பார்த்துப் பேசுவதற்காக அது வீட்டுக்கு வந்தது. தவணை முறையிற் கடன்பட்டு வாங்கப்பட்டதும் உண்டு.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கொரோனாத் தொற்றினால் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது அத்திறன்பேசியே வகுப்பறையாயிற்று. ஆசிரியர்கள் பாடக் குறிப்புகளைப் படம்பிடித்து வட்ஸ்அப்பிலும் வைபரிலும் அனுப்பினர். பல்கலைக்கழகங்கள் சூம் வழியாக விரிவுரைகளை நடத்தின. இதனால் விளைந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. ஒட்டுசுட்டானிலோ மல்லாவியிலோ உயர்தர விஞ்ஞானப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாத மாணவர் ஒருவர் யாழ்ப்பாணத்து ஆசிரியரின் விளக்கத்தைத் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே கேட்க முடிந்தது. கடந்தகால வினாத்தாள்களைப் பெறுவதற்கு நகரத்துப் புத்தகக் கடைக்குச் செல்லவேண்டிய தேவை குறைந்தது. ஆயினும், ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகளும், கூலி வேலைக்குச் செல்லும் தந்தையோ தாயோ அதனை உடன் கொண்டுசென்றமையாற் பகல் முழுவதும் பாடமின்றி இருந்த வீடுகளும் இருந்தன. பதுளை மாவட்டத்துப் போஹிட்டியாவ என்னும் கிராமத்து மாணவர்கள் அலைவரிசை கிடைக்கும் பாறையொன்றுக்குக் காட்டு வழியே ஏறிச் சென்ற செய்தி 2021இல் உலக ஊடகங்களில் வெளிவந்தது. வறுமையின் எல்லையை இணையம் அழித்துவிடவில்லை; அதனைப் புதிதாக வரைந்தது.

இக்கட்டுரைக்கு இன்றியமையாதது மற்றொரு மாற்றம். வகுப்பின் வட்ஸ்அப் குழுவொன்றிற் சேர்க்கப்படும் ஒவ்வொருவரின் தொலைபேசி இலக்கமும் அக்குழுவிலுள்ள அனைவர்க்கும் தெரியவருகின்றது. பாடசாலையின் வரவு இடாப்பை வெளியார் எவரும் பார்க்கக்கூடாது என்று பேணி வந்த நாம், பிள்ளைகளின் இலக்கங்களை ஒரே நாளில் நூறு கைகளிற் கொடுத்துவிட்டோம். தனியார் கல்வி நிலையத்தின் குழு, பரீட்சை வழிகாட்டிக் குழு, விளையாட்டுக் கழகத்தின் குழு என்று அவை பெருகின. எவரும் தீய நோக்கத்துடன் இதனைச் செய்யவில்லை. பாடம் நின்றுவிடக்கூடாது என்னும் நல்லெண்ணமே காரணம். ஆயினும், நல்லெண்ணத்தினாற் செய்த செயலின் விளைவுக்கும் நாம் பொறுப்பாளிகளே என்பது அறவியலின் பாலபாடம்.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே இருக்கவேண்டிய தூரம் பற்றி நம் முன்னோர் நன்கு சிந்தித்திருந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்திலே மாணாக்கன் ஆசிரியரோடு பழகும் முறை கூறப்படுகின்றது. நெருப்பை அண்டியிருப்பவர் போல மிக விலகாமலும் மிக நெருங்காமலும் இருக்கவேண்டும் என்பது அவர் கருத்து. ஆறுமுக நாவலரின் காண்டிகையுரையோடு நன்னூலைக் கற்ற ஈழத்துத் தமிழ்க் கல்வி மரபு இவ்வளவையே போற்றி வந்தது. இன்றோ இரவு பதினொரு மணிக்கும் ஆசிரியரின் செய்தி மாணவியின் தலையணைக்கருகே ஒளிர முடிகின்றது. அச்செய்தி பாடத்தைப் பற்றியதாகவே இருக்கலாம். ஆனால், வகுப்பறையின் கதவும் மணியோசையும் சக மாணவரின் முன்னிலையும் வகுத்திருந்த எல்லை அங்கு இல்லை. எல்லையை இனி மனிதரே தம் மனத்தில் வகுத்துக்கொள்ளவேண்டும்.

மேலைத் தேயத்திலும் இத்தகைய சிந்தனை உண்டு. பிளேற்றோவின் 'பீத்ரஸ்' என்னும் உரையாடலிலே சோக்கிரதீஸ் எழுத்தைப் பற்றிய ஐயமொன்றை எழுப்புகின்றார். எழுதப்பட்ட சொல் எங்கும் உருண்டு திரியும்; விளங்குபவரிடமும் விளங்காதவரிடமும் ஒருங்கே சென்று சேரும்; யாரிடம் பேசவேண்டும், யாரிடம் பேசாதிருக்கவேண்டும் என்பதை அறியாது; தவறாகப் பயன்படுத்தப்படும்பொழுது தன்னைத் தானே காத்துக்கொள்ளவும் மாட்டாது என்பது அவர் குறை. எழுத்தைப் பற்றி இருபத்து நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் கூறப்பட்ட இக்குறை இன்றைய நிழற்படத்துக்கு முற்றாகப் பொருந்துகின்றது. ஒருவரை நம்பி அனுப்பிய படம் அவரிடம் மட்டும் தங்குவதில்லை. யாரிடம் செல்லக்கூடாது என்பதை அது அறியாது.

இனி, ஒரு நிலையை எண்ணிப் பார்ப்போம். உயர்தர வகுப்பிற் படிக்கும் மாணவி ஒருத்தி. குழுவொன்றிலிருந்து அவளுடைய இலக்கத்தைப் பெற்ற ஒருவன் அன்பாகப் பேசுகின்றான், படமொன்றைப் பெறுகின்றான், அல்லது அவள் முகநூலில் இட்ட சாதாரண படத்தையே கணினியின் துணைகொண்டு இழிவாகத் திரித்துவிடுகின்றான். பின்னர், பணம் தா, அல்லது சொல்லும் இடத்துக்கு வா, இன்றேல் இதனை ஊர் முழுவதும் அனுப்புவேன் என்கின்றான். அவள் தன் அறையில் இருக்கின்றாள். வெளியில் எந்த ஒலியும் இல்லை. அம்மா அடுப்படியில் இருக்கின்றார். தம்பி பக்கத்திற் படித்துக்கொண்டிருக்கின்றான். ஆபத்து அவள் ஒருத்தியின் கைக்குள் மாத்திரம் இருக்கின்றது.

அவள் யாரிடம் சொல்லலாம்? வீட்டிற் சொன்னால் முதலிற் பறிக்கப்படுவது தொலைபேசி. அடுத்து நிறுத்தப்படுவது வகுப்பு. விரைவில் ஒரு திருமணப் பேச்சும் தொடங்கிவிடலாம். பாடசாலையிற் சொன்னால், 'நீ ஏன் கதைத்தாய்? ஏன் படம் போட்டாய்?' என்பதே பெரும்பாலும் முதல் வினாவாகின்றது. வகுப்பாசிரியரிடம் தனியே கூறலாம் என்றால், அவர் யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியா நகரத்திலிருந்தோ நாளாந்தம் பேருந்தில் வந்து செல்பவராக இருக்கலாம். பாடசாலை விட்டதும் அவருக்கு அடுத்த பேருந்தைப் பிடிக்கவேண்டிய அவசரம். போரிலே தந்தையை இழந்து, தாய் ஒருத்தியின் உழைப்பிற் குடும்பம் வாழும் வீடாயின், அத்தாய்க்கு மேலும் ஒரு துன்பத்தைக் கொடுக்கக்கூடாது என்னும் எண்ணமும் அவள் வாயை அடைக்கின்றது. விமானத் தாக்குதலின்போது எவரும் கேளாத வினாவை இங்கு எல்லாரும் கேட்கின்றனர் என்பதை அவள் நன்கு அறிவாள். ஆதலின் மௌனம் சாதிக்கின்றாள்.

இவ்விடத்தில் அறவியல் நோக்கில் ஒரு வினாவை எழுப்பவேண்டும். அவளை அச்சுறுத்துபவனின் வலிமை எங்கிருந்து பிறக்கின்றது? படத்திலிருந்து பிறக்கின்றது என்று முதற் பார்வையிற் தோன்றும். சற்று ஆழ்ந்து நோக்கின் அது அவ்வாறன்று என்பது தெளிவாகும். அப்படத்தைக் கண்டால் நாம் என்ன செய்வோம் என்பதை அவன் அறிந்திருக்கின்றான். பெற்றோர் படிப்பை நிறுத்துவர், அயலார் கதை கட்டுவர், சக மாணவர் அடுத்தவருக்கு அனுப்பிச் சிரிப்பர் என்ற நிச்சயமே அவன் கையிலுள்ள ஆயுதம். அவ்வாயுதத்தை அவனுக்கு வழங்கியவர்கள் நாமே. அவனைக் கயவன் என்று ஏசிவிட்டு நாம் நம்மைத் தூயவராகக் கருதிக்கொள்வது எளிது. ஆனால், அச்சுறுத்தல் பலிப்பதற்கு நம்முடைய ஒத்துழைப்பு அவனுக்கு வேண்டியிருக்கின்றது. அவ்வொத்துழைப்பை நாம் மறுத்துவிட்டால் அவன் கையில் எஞ்சுவது வெறும் படமே.

நாம் பேணிவந்த கல்வி மரபுக்கும் இம்மௌனத்திற் பங்குண்டு. தூரத்தின் அளவை அழகாகக் கூறிய அதே நன்னூல், மாணாக்கன் பேசச் சொன்னபொழுது மட்டும் பேசி, ஓவியத்திலுள்ள உருவம் போல அடங்கியிருத்தல் வேண்டும் என்றும் கூறுகின்றது. ஏடு அரிதாகி ஆசிரியரின் சொல்லே நூலாக இருந்த காலத்தில் அவ்வடக்கம் கேட்டலுக்குத் துணை செய்தது. அதனை இன்றும் நல்ல மாணவியின் இலக்கணமாகக் கொண்டு, வாய் திறவாதவளைப் பாராட்டியும் கேள்வி கேட்பவளைக் கடிந்தும் வளர்த்துவிட்டு, ஆபத்து வந்த நாளில் மட்டும் அவள் வாய் திறக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வாறு பொருந்தும்?

இத்தகைய இடர்களுக்கு அஞ்சிய சமுதாயம் முதலில் நாடும் பரிகாரம் கண்காணிப்பு. தொலைபேசியைத் தடை செய்தல், செய்திகளைத் திறந்து பார்த்தல், யாரோடு பேசுகின்றாள் என்று வேவு பார்த்தல் என அது விரிகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே ஆங்கிலேய மெய்யியலாளர் பெந்தாம் வட்ட வடிவச் சிறைச்சாலை ஒன்றுக்குத் திட்டம் வகுத்தார். நடுவிலுள்ள கோபுரத்திலிருந்து காவலர் எல்லா அறைகளையும் காணலாம். கைதிகளோ காவலரைக் காண இயலாது. தாம் எப்பொழுதும் பார்க்கப்படக்கூடும் என்ற உணர்வே அவர்களை ஒழுங்குபடுத்தும் என்பது அவர் கருத்து. ஒழுங்கு உண்டாகலாம். ஆனால், கோபுரத்திலிருப்பவரிடம் எந்தக் கைதியும் தன் துன்பத்தைச் சொல்லப்போவதில்லை. கண்காணிக்கப்படும் பிள்ளை, கண்காணிப்பவருக்குத் தெரியாத இரண்டாவது கணக்கொன்றைத் தொடங்கப் பழகுகின்றதேயன்றித் தன்னைக் காத்துக்கொள்ளப் பழகுவதில்லை.

இதற்கு மாறான கருத்தையும் நாம் எளிதில் ஏற்றுக்கொள்ள முடியாது. பிறருக்குத் தீங்கு விளைவதைத் தடுப்பதற்காக அன்றி ஒருவரின் விருப்புக்கு மாறாக அவர்மீது அதிகாரம் செலுத்துதல் முறையன்று என்று 1859இல் வெளிவந்த 'சுதந்திரம் பற்றி' என்னும் நூலில் வாதிட்ட ஜோன் ஸ்ருவேட் மில்லே, அக்கோட்பாடு பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்று விலக்களித்தார். பத்து வயதுப் பிள்ளையின் கையிற் கட்டற்ற இணையத்தைக் கொடுத்துவிட்டு அதனைச் சுதந்திரம் என்பது பொறுப்பின்மையே. திருக்குறளில் வாழ்க்கைத் துணைநலம் பற்றிய அதிகாரம், அடைத்துவைக்கும் காவலினும் ஒருவர் தம் மன உறுதியாற் தம்மைக் காத்துக்கொள்வதே தலையாயது என்னும் கருத்தைக் கூறுகின்றது. காவலின் பயனின்மையை உணர்ந்த கருத்து என்ற வகையில் அது போற்றத்தக்கது. ஆயினும், காக்கும் பொறுப்பு முழுவதையும் பெண்ணின்மீதே சுமத்துவதற்கும் அது பயன்பட்டு வந்துள்ளது என்பதை மறத்தலாகாது. தீங்கு செய்பவனும், தீங்குக்குத் துணைபோகும் ஊரும் இருக்கையில், தீங்குக்கு ஆளாபவளின் உறுதி ஒன்றையே பாதுகாப்பாகக் கொள்வது நீதியன்று.

சட்டத்தாற் பாதுகாப்பை நிலைநாட்ட முனைவோரும் உளர். பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை அவுஸ்திரேலியா 2024 நவம்பரில் நிறைவேற்றியது. அது 2025 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் அவ்வாண்டு பெப்ரவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. சிறுவர் துஷ்பிரயோகத்தையும் அந்தரங்கப் படங்களின் பரப்புகையையும் குற்றமாக்கும் அதே சட்டம், எது பொய்க் கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தமையாற் கருத்துச் சுதந்திரத்தை நசுக்கும் என்று பலராலும் கண்டிக்கப்பட்டது. மேலே வகுக்கப்பட்ட பாதுகாப்பு வலயங்களின் கதையை அறிந்த வன்னி மக்கள் இச்சட்டத்தைச் சற்று ஐயத்துடன் நோக்கின் அவர்களைக் குறை கூற இயலாது. சட்டம் வேண்டியதே. ஆனால், முறைப்பாடு செய்ய ஒருவர் முன்வந்த பின்னரே சட்டம் தன் பணியைத் தொடங்கும். முன்வருவதற்கு வேண்டிய துணிவைச் சட்டம் வழங்குவதில்லை.

அத்துணிவை வழங்குவது எது? தான் சொல்வதைக் கேட்டுத் தன்னைத் தண்டிக்காத ஒருவர் உண்டு என்னும் நம்பிக்கையே அது. இணைய காலத்து மாணவர் பாதுகாப்பின் அடித்தளம் இந்நம்பிக்கை என்பதே இக்கட்டுரையின் முடிபு. இது மென்மையான அறிவுரை போலத் தோன்றலாம். உண்மையில் இது கடினமான நியதி. சொல்ல வந்த பிள்ளையிடம் 'ஏன் செய்தாய்' என்று தொடங்காமல் 'சொன்னது நல்லது' என்று தொடங்குவதற்கு, நமக்குள் எழும் சினத்தையும் நாணத்தையும் நாம் அடக்கவேண்டும். சொன்னதற்காகத் தொலைபேசியையோ படிப்பையோ பறிக்கமாட்டோம் என்பதைத் துன்பம் வருமுன்னரே அவளுக்கு உறுதியாகக் கூறியிருக்கவேண்டும். சொல்லியவருக்கே தண்டனை என்னும் வழக்கம் நிலைக்கும் வரை, எந்தக் கருத்தரங்கும் எந்தச் சுவரொட்டியும் பயன் தரப்போவதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். நம்பிக்கைக்குரியவரே தீங்கு செய்பவராயின் என் செய்வது? ஆசிரியரே நள்ளிரவிற் செய்தி அனுப்புபவராயின் யாரிடம் முறையிடுவது? இம்மறுப்பு வலிமையுடையது, இதனை மறைத்தல் கூடாது. நம்பிக்கை என்பது ஒருவர்மீது கண்மூடி வைக்கும் பற்றாக இருப்பின் அது மற்றொரு சிறையாகிவிடும். ஆதலின், கேட்பவர் ஒருவராக மட்டும் இருத்தல் ஆகாது. பாடசாலைக்குள் ஒருவர் மீது ஐயம் எழுந்தால் பாடசாலைக்கு வெளியே செல்ல வழி இருத்தல் வேண்டும். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நிறுவப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கம் அத்தகைய ஒரு வழி. அதனை எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடமாக அறிந்திருக்கவேண்டும். ஆசிரியர் மாணவருடன் தனிப்பட்ட உரையாடலைத் தவிர்த்துப் பலர் காணும் குழுவிலேயே பாடச் செய்திகளை அனுப்புதல், இரவு நேரத்துக்கு எல்லை வகுத்தல், பிள்ளையின் இலக்கத்துக்குப் பதிலாகப் பெற்றோரின் இலக்கத்தைப் பயன்படுத்துதல் ஆகிய சிறு ஒழுங்குகளும் நன்னூலார் கூறிய தூரத்தை மீண்டும் நிலைநாட்ட உதவும். இவை பிள்ளைக்கு இடும் விலங்குகள் அல்ல; அதிகாரம் உடையவர் தமக்குத் தாமே இட்டுக்கொள்ளும் எல்லைகள்.

இதுவரை பாடசாலைப் பிள்ளையைப் பற்றிப் பேசினோம். பல்கலைக்கழகத்தில் இருக்கும் நாம் நம்மைப் பற்றியும் பேசாதொழியின் அது நேர்மையாகாது. 1975ஆம் ஆண்டு பேராதனையிலே பகிடிவதைக்குத் தப்புவதற்காக விடுதி மாடியிலிருந்து குதித்த மாணவி ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் நடமாட இயலாதவரானார். 1997ஆம் ஆண்டு அதே பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்துக்குப் புதிதாக வந்த வரப்பிரகாஷ் என்னும் தமிழ் மாணவர் பகிடிவதையின் பெயரால் கடுமையான உடற்பயிற்சிக்கு உட்படுத்தப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த ஆண்டே பகிடிவதையைத் தடை செய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. சட்டம் இருந்தது, பகிடிவதையும் இருந்தது. 2020இல் விரிவுரைகள் இணையத்துக்குச் சென்றபொழுது அதுவும் உடன் சென்றது. புதுமுக மாணவர் விடுதிக்கு வருமுன்னரே, தம் வீட்டில் தாய் தந்தையர் அருகே இருக்கும்பொழுதே, மூத்த மாணவரின் குழுவில் இழிசொற்களுக்கு ஆளாகும் நிலை உண்டாயிற்று.

வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 ஆகஸ்ட் முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் அமைந்துள்ளன. ஒரு காலத்திற் பதுங்குகுழிகள் நிறைந்திருந்த மண்ணில் இன்று விரிவுரை மண்டபங்கள் எழுந்துள்ளமை மகிழ்ச்சிக்குரியது. ஆனால், அம்மண்டபங்களுக்கு வரும் இளையவர், தம்மைக் காக்கவேண்டிய மூத்தவருக்கே அஞ்சி வாய் மூடி இருப்பாராயின், அன்று பெற்றோர் எதிர்கொண்ட அதே நிலையை நாம் சிறிய அளவில் மீண்டும் உருவாக்குகின்றோம் என்பதே பொருள். வதைப்பவர் சிலர், பார்த்திருப்பவர் பலர். குழுவில் வந்த இழிவான படத்தைத் தாம் உருவாக்கவில்லை, பார்த்ததோடு சரி என்று கூறுபவரும் அதனை அடுத்தவருக்கு அனுப்பாமல் அழித்துவிட்டு, பாதிக்கப்பட்டவரிடம் 'நான் உனக்குத் துணை' என்று ஒரு வரி எழுத முடியும். அதற்குச் சட்டமும் வேண்டியதில்லை, ஆணைக்குழுவும் வேண்டியதில்லை.

சமுதாயம் மாறும், கருவிகள் மேலும் மாறும். இன்று நாம் அஞ்சும் தொலைபேசி நாளை வேறொன்றாகலாம். ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு தடையைத் தேடிக்கொண்டிருப்பின் நாம் எப்பொழுதும் பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்போம். போர்க்காலத்து வன்னி ஆசிரியர்களிடம் பெரிய கருவிகள் எவையும் இருந்ததில்லை. அவர்கள் கட்டிய குழி எல்லாக் குண்டுகளையும் தாங்கவுமில்லை. ஆயினும், இரைச்சல் கேட்டபொழுது அவர்கள் பிள்ளைகளை விசாரணை செய்யவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு தாமும் உடன் இறங்கினர். இன்று ஆபத்து ஒலியின்றி வருகின்றது. அதன் ஓசையைப் பிள்ளை சொல்லித்தான் நாம் கேட்கவேண்டியுள்ளது. அது சொல்லும்பொழுது உடன் இறங்குவதற்கு நாம் ஆயத்தமாக இருக்கின்றோமா என்பதே நம் காலத்து ஆசிரியரும் மாணவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டிய வினாவாகும்.